‘மலர் உங்களுக்கு நன்றி சொன்னார்’: ஒரு அறிவிப்பு தமிழில் உருவாகும் விதம்

விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் திரையின் மேல் ஓரத்தில் ஒரு மணிப் படமும் அதை ஒட்டி ஒரு தட்டுப் படமும் தெரியும். உங்கள் பேச்சுப் பக்கத்தில் யாராவது எழுதினால் மணியில் எண் ஏறும். நீங்கள் செய்த திருத்தத்துக்கு யாராவது நன்றி தெரிவித்தால் தட்டில் எண் ஏறும். அழுத்திப் பார்த்தால் ஒரே ஒரு வரி இருக்கும்: ‘மலர் உங்களுக்கு நன்றி சொன்னார்’ என்பது போல.

அந்த வரியை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. நீங்கள் திறந்த நொடியில் மென்பொருள் அதைக் கோத்துத் தருகிறது. பட்டன், மெனு, உதவிப் பக்கம் ஆகியவற்றைத் தமிழாக்கம் செய்வது ஒரு வகை வேலை. அங்கே முழு வாக்கியமும் மனிதர் கையில் இருக்கிறது. அறிவிப்பில் அப்படியில்லை, பாதி வாக்கியத்தை மனிதர் எழுதுகிறார், மீதியை இயந்திரம் நிரப்புகிறது. அதனால்தான் ஒரு மென்பொருள் தமிழை எவ்வளவு மதிக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் திறந்து பார்ப்பது அதன் அறிவிப்புப் பெட்டியை.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஒரு கட்டற்ற மென்பொருள். அதன் இடைமுகம், அதாவது திரையில் தெரியும் பட்டன், மெனு போன்றவை, 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே மென்பொருளில்தான் ஓடுகிறது. முன்பெல்லாம் அதில் அறிவிப்பு என்றால் ‘உங்களுக்குப் புதிய செய்தி உள்ளது’ என்று சொல்லும் ஓர் ஆரஞ்சு நிறப் பட்டை மட்டும்தான். 2013-இல் எக்கோ என்ற நீட்சி, அதாவது மீடியாவிக்கியோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள், ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்தது. இன்றைய அறிவிப்புகள் எல்லாம் அதன் வேலை.

எக்கோவின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் முக்கியம். அது வாக்கியத்தைச் சேமிப்பதில்லை, நிகழ்வைச் சேமிக்கிறது. மலர் நன்றிப் பொத்தானை அழுத்தியதும் தரவுத்தளத்தில் போவது இவ்வளவுதான்: நிகழ்வின் வகை நன்றி, செய்தவர் மலர், எந்தப் பக்கம், எந்தத் திருத்தம், எத்தனை மணிக்கு. இன்னோர் அட்டவணையில், இந்த நிகழ்வு யாருக்குப் போக வேண்டும், அவர் அதைப் பார்த்துவிட்டாரா என்ற குறிப்பு. எந்த மொழியின் சொல்லும் இதுவரை இல்லை. நீங்கள் தட்டைத் திறக்கும்போதுதான் உங்கள் விருப்பத்தேர்வுகளில் உள்ள மொழியைப் பார்த்து, அந்த மொழிக்குரிய வாசகத்தை எடுத்து, பெயரையும் பக்கத்தையும் பொருத்தி வாக்கியமாக்குகிறது. இடைமுக மொழியைத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றினால், போன மாதத்து அறிவிப்புகள்கூடச் சிங்களத்தில் தெரியும்.

இதை வேறு மாதிரிச் செய்த மென்பொருள்கள் ஏராளம். நிகழ்வு நடந்தவுடனேயே வாக்கியத்தை எழுதிச் சேமித்துவிடுவார்கள். நிரல் எளிது, வேகமும் அதிகம். ஆனால் அந்த நேரத்தில் கணினிக்குத் தெரிந்த மொழி பொத்தானை அழுத்தியவருடையது, பெறுபவருடையது அல்ல. அழுத்தியவர் பிரெஞ்சில் இயங்குபவராக இருந்தால் தமிழருக்குப் பிரெஞ்சில் அறிவிப்பு வரும். மின்னஞ்சலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. மின்னஞ்சல் ஒருமுறை புறப்பட்டால் திருத்த முடியாது. அதுவும் பின்னணியில் வரிசையில் நின்று போகும் வேலை என்பதால், அதை இயக்கும் நிரலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பயனர் என்று யாரும் இல்லை. பெறுபவரின் மொழியையும் நேர வலயத்தையும் வெளிப்படையாகக் கேட்டு வாங்காவிட்டால் தளத்தின் இயல்பு மொழியிலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் அஞ்சல் போய்விடும்.

சரி, நிகழ்வு இருக்கிறது, மொழியும் தெரிந்துவிட்டது. இனி வாக்கியம்.

எளிதாகத் தோன்றும் வழி துண்டு துண்டாக ஒட்டுவது: பெயர், பிறகு ‘நன்றி சொன்னார்’, பிறகு ‘உங்களுக்கு’. ரயில் நிலையத்தில் முன்பே பதிவான குரல் துண்டுகளை ஒட்டி வரும் அறிவிப்பைப் போல இருக்கும் இது. ஆங்கிலச் சொல்வரிசையில் ஒட்டிய துண்டுகளைத் தமிழுக்கு மாற்றினால் வினை நடுவில் நின்றுவிடும். அதனால் நல்ல மென்பொருளில் முழு வாக்கியத்தையும் ஒரே வாசகமாகத் தருவார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் $1, பக்கத் தலைப்புக்கு $2 என்ற குறிகள் மட்டும் இருக்கும். மொழிபெயர்ப்பவர் அவற்றைத் தன் மொழிக்கு ஏற்ற இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். ‘$2 பக்கத்தில் நீங்கள் செய்த திருத்தத்துக்கு $1 நன்றி சொன்னார்’ என்று எழுத இந்தச் சுதந்திரம் போதும்.

போதுமா என்றால், பாதி தூரம்தான். குறி எங்கே நிற்கலாம் என்பது தீர்ந்தது. அதோடு எது ஒட்டலாம் என்பது தீரவில்லை. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டும்போது பெயரின் உருவத்தையே மாற்றும். மரம் மரத்தில் ஆகும், வீடு வீட்டில் ஆகும், பூ பூவில் ஆகும். ஆறு நதியாக இருந்தால் ஆற்றில், எண்ணாக இருந்தால் ஆறில். பக்கத் தலைப்பு எதுவாகவும் இருக்கலாம்: ஆளின் பெயர், ஆண்டு, அடைப்புக்குறியோடு முடியும் தலைப்பு, வேற்று மொழி எழுத்து. ‘$2இல்’ என்று எழுதிவைத்தால் ‘மரம்இல்’ என்று திரையில் வரும். படிப்பவருக்குப் பொருள் விளங்கும்தான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட எழுதாத தமிழ் அது.

ஃபின்னிய மொழிக்கும் இதே தலைவலி உண்டு. அதற்கென்று மீடியாவிக்கியில் தனி இலக்கண நிரல் இருக்கிறது. சொல்லில் உள்ள உயிரெழுத்துகளைப் பார்த்து எந்த வடிவ உருபு என்று முடிவுசெய்யும். தளத்தின் பெயர் போன்ற நிலையான சில சொற்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. உலகத்தில் உள்ள எந்தத் தலைப்பும் வரலாம் என்ற இடத்தில் விதி எழுதி மாளாது. தமிழில் நமக்கு ஓர் எளிய வாசல் இருக்கிறது. உருபைத் தலைப்பில் ஒட்டாமல், அடுத்து வரும் தெரிந்த சொல்லில் ஒட்டுவது: ‘$2 என்ற பக்கத்தில்’. ‘பக்கம்’ எப்படி மாறும் என்று மொழிபெயர்ப்பவருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. ‘$1க்கு’ என்பதற்கு ‘பயனர் $1 அவர்களுக்கு’ என்பதும் இதே உத்தி. கொஞ்சம் நீளம்தான். பிழையான தமிழைவிட நீளமான தமிழ் மேல் என்பது என் கட்சி.

அடுத்தது எண்ணிக்கை. ஆங்கிலம்போலத் தமிழுக்கும் ஒருமை, பன்மை என்று இரண்டே வடிவம். ஜப்பானியத்துக்கு ஒன்று போதும். அரபுக்கு ஆறு வேண்டும். எந்த எண் எந்த வடிவத்தில் சேரும் என்ற விதிகளை யூனிகோடு கூட்டமைப்பு சிஎல்டிஆர் என்ற பொதுத் தொகுப்பில் மொழிவாரியாகப் பராமரிக்கிறது. மீடியாவிக்கி அதைத்தான் பயன்படுத்துகிறது. ரஷ்ய மொழியில் 1, 21, 31 மூன்றும் ஒரே வடிவத்தில் விழும். ஆகவே முதல் வடிவத்தில் எண்ணை விட்டுவிட்டு ‘ஒருவர்’ என்று மட்டும் எழுதும் தமிழ் வழக்கத்தை அங்கே கையாண்டால் 21 பேர் நன்றி சொன்னதும் ஒருவர் சொன்னதாகக் காட்டும். அதற்காகச் சரியாக 1 வந்தால் மட்டும் இந்த வாசகம் என்று தனியாகக் குறிக்கவும் வசதி வைத்திருக்கிறார்கள்.

பால் விஷயத்தில் தமிழ் தப்பிக்கிறது. ரஷ்ய மொழியில் இறந்தகால வினை ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். மீடியாவிக்கி அதற்காகப் பயனரின் விருப்பத்தேர்வைப் பார்த்து வினையை மாற்றித் தர வேண்டியிருக்கிறது. நமக்கு ‘சொன்னார்’ என்ற மரியாதை விகுதி எல்லாரையும் அணைத்துக்கொள்கிறது.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடம், தொகுத்தல். ஒரே திருத்தத்துக்கு நான்கு பேர் நன்றி சொன்னால் நான்கு வரிகள் காட்டுவது தொல்லை. நிறைய செயலிகள் முதல் பெயரைச் சொல்லி ‘மற்றும் 3 பேர்’ என்று முடிப்பார்கள். இயல்பான தமிழில் அது ‘மலரும் மேலும் 3 பேரும்’. இங்கே ‘உம்’ பெயரோடு சேர வேண்டும்: மலரும், ராஜாவும், கவியும். மறுபடியும் இயந்திரத்துக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரிய வேண்டும். ‘மலர் உட்பட 4 பேர்’ என்று எழுதினால் பெயர் அப்படியே நிற்கும், தமிழும் அழகாக இருக்கும். ஆனால் மென்பொருள் நம் கையில் கொடுத்த எண் 3, நமக்கு வேண்டியது 4. வாசகத்துக்குள் கூட்டல் கணக்குப் போட முடியாது. நிரலர் மொத்த எண்ணிக்கையையும் இன்னொரு குறியாக அனுப்பினால்தான் நடக்கும். ஒரு வரி மாற்றம்தான் அது. ஆங்கில வாக்கியத்துக்கு அந்த எண் தேவைப்படாததால் யாருக்கும் தோன்றுவதில்லை. தமிழாக்கம் செய்பவர் கேட்க வேண்டும். நன்றிகளைத் தொகுக்கும்போது எக்கோ பெயரையே சொல்வதில்லை. இத்தனை பேர் நன்றி சொன்னார்கள் என்பதோடு நிறுத்துகிறது. 99-ஐத் தாண்டினால் 99+ என்கிறது. மலரின் பெயரை முதல் பார்வையில் காண முடியாதது எனக்குக் குறைதான். ஆனாலும் எந்த மொழியிலும் உடையாத வடிவம் அது.

சின்ன இடங்களிலும் கவனம் வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு முன்பு நடந்ததைக் குறுக்கி ‘5 மணி’ என்று எழுதினால் மாலை ஐந்து மணி என்று படிப்பார்கள். தமிழ்நாட்டில் 1,00,000 என்று பிரிக்கும் எண்ணைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 100,000 என்று எழுதுவார்கள். மொழி ஒன்றே என்பதால் பழக்கமும் ஒன்றாகிவிடாது.

மொழி சரியாக அமைந்தாலும் அறிவிப்பு எப்போது, எவ்வளவு வருகிறது என்பது தனி விஷயம். எக்கோ இதில் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. உரையாடலில் ஒருவர் பெயருக்கு இணைப்புக் கொடுத்தால் அவருக்கு அறிவிப்புப் போகும். ஆனால் அதே திருத்தத்தில் எழுதியவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். ஒரே திருத்தத்தில் 50 பேருக்கு மேல் குறிப்பிட்டால் யாருக்குமே போகாது. மொத்தமாக அழைத்துத் தொந்தரவு செய்வதைத் தடுக்க இது. மணி, தட்டு என்று இரண்டாகப் பிரித்ததும் அதே காரணத்துக்காக: உடனே பார்க்க வேண்டியவை மணியில், நன்றி போல ஆற அமரப் பார்க்கலாம் என்பவை தட்டில். மின்னஞ்சலைத் தினமும் ஒன்று, வாரம் ஒன்று என்று தொகுத்தும் வாங்கலாம். குறைத்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. எக்கோ வந்தபோது பழைய ஆரஞ்சுப் பட்டையை எடுத்துவிட்டார்கள். புதியவர்கள் பேச்சுப் பக்கத்தில் வரும் எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் போவார்கள் என்று தொகுப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்; பேச்சுப் பக்கச் செய்திக்கு மட்டும் ஓர் ஆரஞ்சு அடையாளம் திரும்பி வந்தது.

இந்த வாசகங்களை எல்லாம் எழுதுவது யார்? டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் தன்னார்வலர்கள். நிரல் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு வாசகத்துக்கும் பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும்: $1 யாருடைய பெயர், $2 எது, இது பட்டனா தலைப்பா என்று. உலக மொழிக் குறியீடுகளில் தனிப்பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ‘க்யூக்யூக்யூ’ என்ற குறியை ஒரு மொழிபோல வைத்து இந்தக் குறிப்புகளைச் சேமிக்கிறார்கள். ‘க்யூக்யூஎக்ஸ்’ என்று இன்னொன்று உண்டு. பக்க முகவரியில் அதை இடைமுக மொழியாகக் கொடுத்தால் திரையில் சொற்களுக்குப் பதில் வாசகங்களின் உள்பெயர்கள் தெரியும். தவறான தமிழைப் பார்த்து, அது எந்த வாசகம் என்று தேடிப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மூல வாசகம் மாறினால் பழைய மொழிபெயர்ப்பு ‘சரிபார்க்க வேண்டும்’ என்ற அடையாளத்தோடு தெரியும். மொழிபெயர்க்காத வாசகம் மாற்று மொழியில் தெரியும்: பிரான்சின் பிரெத்தோன் மொழி பேசுபவருக்குப் பிரெஞ்சில், தமிழருக்கு ஆங்கிலத்தில். விளக்கக் குறிப்பு தெளிவாக இல்லாவிட்டால் அந்த வாசகத்தின் பக்கத்திலிருந்தே கேள்வி எழுப்பலாம். அது உதவிப் பக்கத்துக்குப் போகும், நிரலர்களும் அங்கே வந்து பதில் சொல்வார்கள். மொத்த எண்ணிக்கைக்கு இன்னொரு குறி வேண்டும் என்று கேட்க வேண்டிய இடமும் அதுதான். முடிந்த மொழிபெயர்ப்புகளை ஒரு தானியங்கி மூல நிரலில் சேர்க்கும். விக்கிப்பீடியாவுக்கு வாராவாரம் புதிய பதிப்பு ஏறுகிறது என்பதால், நீங்கள் திருத்திய வரி அதிகம் காக்க வைக்காமல் தமிழ் விக்கிப்பீடியாவில் தெரியும்.