அலபாமாவில் தாளம், நியூயார்க்கில் குரல்

1967 ஜனவரி 24 அன்று அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊருக்கு அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பாட வந்தார். அட்லாண்டிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக அவருடைய முதல் ஆல்பம். ஃபேம் ஸ்டூடியோவில் வாசித்தவர்களில் பலர் அங்கே வாடிக்கையாக வாசித்த கலைஞர்கள். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதான ‘டூ ரைட் வுமன், டூ ரைட் மேன்’ தாளக்கட்டோடு நின்றது. அதற்குள் தகராறு வெடித்து எல்லாரும் கலைந்துவிட்டார்கள். அப்புறம் நியூயார்க்கில், அந்த அரைகுறைப் பதிவின் மேல் அரீத்தாவே பியானோவும் ஆர்கனும் வாசித்து, சகோதரிகளோடு பாடி முடித்தார். கேட்டால் ஒட்டுப்போட்டது தெரியாது.

பழைய பதிவைக் கேட்டுக்கொண்டே பாடினால் போதுமே, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். சிக்கல் இயந்திரத்தில் இருக்கிறது. ஸ்டூடியோ டேப் ரெக்கார்டரில் அழிக்க ஒரு ஹெட் (டேப் உரசிக்கொண்டு ஓடும் சிறு பாகம்), பதிய ஒன்று, ஒலிக்க ஒன்று என்று வரிசையாக இருக்கும். டேப் நொடிக்கு 38 செ.மீ. ஓடுகிறது. பதியும் ஹெட்டுக்கும் ஒலிக்கும் ஹெட்டுக்கும் 4 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தாளம் காதில் விழும்போது, அது பதிந்த இடம் பதியும் ஹெட்டை எப்போதோ தாண்டியிருக்கும். குரல் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்திப் பதியும். டிரம்ஸ்காரர் 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசித்தால் எவ்வளவு பிசகுமோ, அவ்வளவு.

டேப் ரெக்கார்டர் செய்த ஆம்பெக்ஸ் கம்பெனி கண்ட வழி எளிமையானது. ஹெட் என்பது இடுக்கு விட்ட ஒரு மின்காந்தம்தானே? மின்சாரம் கொடுத்தால் டேப்பில் காந்தத்தைப் பதிக்கும். காந்தம் ஏறிய டேப் அதை உரசி ஓடினால் மின்சாரம் தரும். ஆகவே டேப்பில் பக்கம்பக்கமாக ஓடும் தடங்களில், ஏற்கெனவே பதிந்தவற்றைப் பதியும் ஹெட்டையே ஒலிக்கவும் வைத்தார்கள். ஒரு தடத்தில் கேட்பதும் பக்கத்துத் தடத்தில் பதிவதும் ஒரே கோட்டில் நடக்கும். நம் வீட்டு கேசட் ரெக்கார்டரில்கூட இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஹெட்தான் இருந்தது. காசு மிச்சம் பிடிக்க.

ஆனால் பதியும் ஹெட்டின் இடுக்கு சற்று அகலம். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் 0.038 மி.மீ. நீளமே இருக்கும். அகலமான இடுக்கில் அலையின் வட காந்தமுனையும் தென் காந்தமுனையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, சிம்பலின் சன்னமான ஓசை மங்கிவிடும். அதனால் எல்லாத் தடங்களையும் ஒன்றுசேர்க்கும் கடைசிக் கலவைக்கு ஒலிக்கும் ஹெட்டையே பயன்படுத்துவார்கள். இப்படிப் பாடுகிறவர் காதில் விழுந்த டிரம்ஸைவிட, நாம் இசைத்தட்டில் கேட்கும் டிரம்ஸ் தெளிவானது.