மாத்திரையும் டீயும் ஒரே வாயில் வேண்டாம்

டீயை விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைக்குப் பேர்போன மலையை வைத்துக்கொண்டு, தெருவுக்கு நாலு டீக்கடை உள்ள பாளையங்கோட்டையில் ஊட்டச்சத்து ஆலோசனை சொல்கிறவர் அப்படிப் பேசினால், மறுமுறை ஒருவரும் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். எப்போது குடிக்கிறீர்கள், எவ்வளவு நேரம் கொதிக்க விடுகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

என்னிடம் வருகிறவர்களில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. ஹீமோகுளோபின் 8, 9 என்று இருக்கும். (பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை.) முருங்கைக்கீரை தின்கிறோம், மாத்திரையும் போடுகிறோம், ஏறவே மாட்டேங்குதே என்பார்கள். டீயைப் பற்றி விசாரித்தால்தான் விஷயம் வெளியே வரும். காலையில் மொத்தமாகப் போட்ட டீயைத் தூக்குவாளியில் ஊற்றி பீடித்தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஆற ஆறச் சூடாக்கி மத்தியானம் வரை ஓட்டுகிறார்கள். பதினோரு மணிக்கு வடையோடு ஒரு டம்ளர், சோறு தின்ற கை காய்வதற்குள் இன்னொன்று. "வெறுந்தண்ணியில முழுங்குனா கொமட்டுதும்மா" என்று இரும்புச்சத்து மாத்திரையும் அதே டீயில்தான் உள்ளே போகிறது.

டீக்குத் துவர்ப்பைக் கொடுக்கிற டானின் வகைப் பொருள்கள் குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். கீரை, பயறு, கம்பு இவற்றில் உள்ள இரும்புக்குத்தான் இந்த அடி பலமாக விழுகிறது. மீன், கறியில் உள்ளது ஓரளவு தப்பிக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து சேர வேண்டிய இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பால் ஊற்றினால் சரியாகிவிடாதா என்றால், இல்லை, பாலில் உள்ள கால்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கிற ஆள்தான். அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. எல்லாப் பழியையும் டீ மேல் போட முடியாது. மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு, அரைவயிற்றுச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் காசு செலவில்லாமல் இன்றைக்கே மாற்றக்கூடியது இது ஒன்றுதான்.

சரி, டீ போடுவதற்கு வருவோம். கொதிக்கக் கொதிக்கத்தான் திடம் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் புழங்குவது பெரும்பாலும் சிடிசி தூள் (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது), பொடிப்பொடியாக இருப்பதால் நிறமும் மணமும் சீக்கிரமே இறங்கிவிடும். அதற்கு மேல் கொதித்தால் இறங்குவது துவர்ப்பும் கசப்பும்தான், அதை அமுக்க இன்னொரு கரண்டி சீனி. புதுத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, டம்ளருக்கு ஒரு சிறு கரண்டி தூள் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். வடிகட்டி, தனியாகக் காய்ச்சிய பாலைச் சூடாகச் சேர்த்தால் முடிந்தது. சக்கையில் இன்னும் சாறு இருக்கிறதே என்று வடிகட்டியில் வைத்துப் பிழியாதீர்கள், அப்புறம் கொதிக்க விடாமல் போட்டதெல்லாம் வீண். ஆற்றுத் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் குடிக்கிற தண்ணீரிலேயே டீயும் போடுங்கள். உப்பேறிய போர் தண்ணீரில் போட்டால் டீ கருத்து, மேலே ஏடு மாதிரி ஒரு படலம் மிதக்கும், வாசனையும் மந்தமாகிவிடும்.

சந்தையில் உதிரியாக, மலிவாக வாங்கும் தூள் ஊற்றியதுமே செக்கச்செவேலென்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் அரைக் கரண்டி தூவிப் பாருங்கள். நல்ல தூள் குளிர்ந்த தண்ணீரில் உடனே சாயம் விடாது. சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் விழுந்த இடத்திலிருந்தே செம்மை கோடு கோடாக இறங்கும்.

கருப்பட்டி போட்டால் இரும்பு கிடைக்குமே என்று உடன்குடிப் பக்கத்து ஆச்சிமார் கேட்பார்கள். ருசிக்குப் போடுங்கள் ஆச்சி, பால் திரியாமல் இருக்க இறக்கிய பிறகு போடுங்கள். ஆனால் அதில் உள்ள கொஞ்சநஞ்ச இரும்பையும் டீயே மடக்கிவிடும், சர்க்கரை நோய்க்காரர்களுக்கோ அதுவும் சீனியும் ஒன்றுதான்.

மாத்திரையைத் தண்ணீரிலோ, எலுமிச்சை பிழிந்த தண்ணீரிலோ போடுங்கள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துவிடும். வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்கள் இரவுச் சாப்பாடு முடித்துப் போடலாம், அந்த நேரத்தில் எப்படியும் டீ இருக்காது. இரண்டு மாதம் இப்படிப் போட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் காரணம் வேறு, டாக்டரைப் பார்க்க வேண்டும்.