மருந்து அடித்த மண்ணைத் தோண்டியது யார்?

"தம்பி, கட்டும்போதே கரையான் மருந்து அடிச்சாச்சு. பத்து வருஷம் கேரண்டின்னு பேப்பர்கூட இருக்கு. அப்புறம் எப்படி வரும்?"

இந்த மாதத்தில் இதே கேள்வியைக் கேட்ட நான்காவது ஆள் இவர். ஓய்வு பெற்ற ஆசிரியர். வீடு கட்டி நான்கு வருஷம் ஆகிறது. குளியலறைக் கதவு நிலையில் விரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பெயின்ட்தான் இத்தனை நாள் நிலையாக நின்றுகொண்டிருந்திருக்கிறது. அவர் நீட்டிய காகிதத்தைப் படித்தேன். அதில் பொய் இல்லை, மருந்து அடித்திருக்கிறார்கள். பிறகு தரையைப் பார்த்தேன். நிலைக்குப் பக்கத்தில் நாலு டைல்ஸ் மட்டும் கொஞ்சம் வெளுப்பு.

"சார், இங்க எப்போ உடைச்சீங்க?"

"அதுவா, குடிவந்த புதுசுல டிரைனேஜ் பைப்பை மாத்திப் போட்டோம். ரெண்டே நாள் வேலை."

அந்த ரெண்டு நாளில் மருந்து குடித்த மண் வெளியே போய், எங்கிருந்தோ வந்த மணல் உள்ளே வந்துவிட்டது. பிளம்பர் பைப்பைப் போட்டார், கொத்தனார் மூடினார், டைல்ஸ்காரர் ஒட்டினார். மூன்று பேரும் அவரவர் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார்கள். எங்களைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஆசிரியர் கேட்டார்: "சுத்தியும் மருந்து இருக்கே, அது இந்தப் புது மணலுக்கும் பரவியிருக்காதா?"

இருபது வருஷமாக என்னைப் படுத்தும் கேள்வி இதுதான். பரவாது. இன்னொரு முறை சொல்கிறேன், பரவவே பரவாது. குளோர்பைரிபாஸ், பைபென்த்ரின் போன்றவற்றை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அவை மண் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நகராமல் கிடக்கும் என்பதுதான். பைபென்த்ரின் தண்ணீரில் கரைவது சொற்பத்திலும் சொற்பம். நகரும் மருந்தாக இருந்தால் அடுத்த மழையிலேயே வழிந்து பக்கத்துக் கிணற்றுக்குப் போயிருக்கும். இமிடாகுளோபிரிட் சற்றே நகரக்கூடியது. அதையும் நம்பி ஓர் இடத்தை விட முடியாது. ஊற்றிய இடத்தில் மருந்து இருக்கும். ஊற்றாமல் விட்ட இடம் நாலு விரல் அகலமே என்றாலும், பத்து வருஷம் கழித்தும் மருந்தில்லாத இடம்தான். மாத்திரையை விழுங்கினால் ரத்தம் அதைத் தலைவலிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மண்ணுக்கு ரத்த ஓட்டம் கிடையாது.

கரையான் அந்த நாலு விரலைக் கண்டுபிடிக்குமா என்றால், அதற்கு வேறு என்ன வேலை? ஆயிரக்கணக்கான வேலைக்காரக் கரையான்கள் இரவு பகல் பாராமல் மண்ணைத் துழாவிக்கொண்டே இருக்கின்றன. கான்கிரீட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல் அவற்றுக்குப் போதும். பைபென்த்ரின் விரட்டும் ரகம். அது பட்டால் கரையான் திரும்பிப் போய், வேறு வழி இருக்கிறதா என்று தேடும். ஃபிப்ரோனிலும் இமிடாகுளோபிரிடும் இருப்பதே அதற்குத் தெரியாது. நடந்து போய், மற்றவற்றுக்கும் தொற்றவைத்துவிட்டுச் சாகும். ஆனால் எந்த ரகமானாலும் கரையானின் பாதை மருந்துள்ள மண் வழியாகப் போனால்தானே?

"எந்த கம்பெனி மருந்து நல்லது?" என்று கேட்காத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. எத்தனை லிட்டர் என்று கேட்டவரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

லிட்டர் கணக்குதான் முக்கியம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313 பிளிந்த் (தளம் போடும் முன் அஸ்திவாரச் சுவர்களுக்குள் தரை மட்டம் வரை நிரப்பும் பகுதி) மண் நிரப்பின் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் என்கிறது. அஸ்திவாரச் சுவரை ஒட்டி மண் நிரப்பும் இடத்தில், சுவர்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். பத்து மீட்டருக்கு எட்டு மீட்டர் வீடு என்று வையுங்கள். பிளிந்த் மட்டத்துக்கு மட்டும் 400 லிட்டர் வரும். முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் 16 லிட்டர் பிடிக்கும் என்றால் இருபத்தைந்து முறை நிரப்ப வேண்டும். ஓர் ஆள் வந்து அரைமணி நேரத்தில் "முடிஞ்சுது சார்" என்று கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினால், அவர் உங்கள் வீட்டு மண்ணுக்குப் பன்னீர் தெளித்திருக்கிறார் என்று அர்த்தம்.

"தண்ணி கம்மியா ஊத்தி, ஸ்ட்ராங்கா கலந்திருக்கேன்" என்பார். தயவுசெய்து ஏமாறாதீர்கள். மருந்தை ஆழத்துக்குக் கொண்டுபோவது தண்ணீர்தான். அது குறைந்தால் அத்தனை மருந்தும் மேல் மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். காலி டப்பாவை எண்ணுவது இன்னும் சுலபம். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி.யை, அதாவது இருபது சதவீத மருந்துள்ள திரவத்தை, ஒரு சதவீதக் கரைசலாக்க ஒரு பங்கு மருந்துக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர். அப்படியானால் 400 லிட்டர் கரைசலுக்கு 20 லிட்டர் மருந்து வந்திறங்கியிருக்க வேண்டும். டப்பாவின் சீலை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். சில நாடுகளில் குடியிருப்புகளுக்கு இந்த மருந்தையே நிறுத்திவிட்டார்கள். உங்கள் பகுதியில் எதற்கு அனுமதி, என்ன அளவு என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்கால் குழி, பக்க மண், பிளிந்த், சுவரும் தரையும் சேரும் மூலை, பைப் தரையைத் துளைத்து வரும் இடம், கடைசியாக வீட்டின் வெளிச்சுற்று. இந்த வரிசை தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பாதிப் பேர் பிளிந்தோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள். வெளிச்சுற்றுக்கு வர வேண்டிய நேரத்தில் வீட்டுக்காரர் கிரகப்பிரவேச அவசரத்தில் இருப்பார், நாங்கள் அடுத்த சைட்டில் இருப்போம். இதில் எங்கள் ஆட்கள் மீதும் தப்பு உண்டு, மறைக்க மாட்டேன்.

அடித்து முடித்த பிறகு நடக்கும் கூத்து தனி. மாலையில் மருந்து விட்டுவிட்டு வருவோம். மறுநாள் காலை "லெவல் சரியில்லையே" என்று மேஸ்திரி மண்வெட்டியை எடுத்து மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போடுவார். முடிந்தது கதை. லெவல், மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்துவது, பைப் வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் போன பிறகு மண்ணைத் தொடாமல் தளத்தைப் போடுங்கள். மழை வரும் போலிருந்தால் வேலையைத் தள்ளிவையுங்கள். சேறாகக் கிடக்கும் மண் மருந்தைக் குடிக்காது. நிரப்பும் மண்ணோடு சென்ட்ரிங் பலகைத் துண்டு, முளைக்குச்சி, சிமெண்ட் காகிதச் சாக்கு எல்லாவற்றையும் போட்டுப் புதைக்கிறீர்களே, அது கரையானுக்கு வைக்கும் படையல்.

"அந்தக் காலத்து மருந்து மாதிரி வராதுங்க" என்று பழைய கான்ட்ராக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆல்ட்ரினையும் குளோர்டேனையும்தான் சொல்கிறார்கள். மண்ணில் பல பத்தாண்டுகள் நின்றது உண்மை. மனித உடல் கொழுப்பிலும் அப்படியே தங்கியது. எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைத் தடுக்க 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலேயே இரண்டும் இடம்பிடித்துவிட்டன. அதற்கெல்லாம் ஏங்காதீர்கள்.

குடிவந்த பிறகு வெளிச்சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துச் செடி வைக்காதீர்கள். மருந்துள்ள மண்ணுக்கு மேலே மருந்தில்லாத மண்ணால் பாலம் போட்டுக் கொடுக்கிறீர்கள். ஏ.சி. தண்ணீர் சுவரோரம் சொட்டினால் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள். சுவரில் மண் தடம் தெரிந்தால் துடைக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அப்போது அதற்குள் நடந்துகொண்டிருந்த கொஞ்சம் சாகும், மிச்சம் வேறு பக்கம் வழி போட்டுக்கொள்ளும். எங்கிருந்து ஏறியது என்று பார்க்க எனக்கு இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

கெஞ்சிக் கேட்கும் விஷயமும் ஒன்று உண்டு. கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் மருந்து கலக்க வரும் பையனை வேலை செய்ய விடாதீர்கள். குளோர்பைரிபாஸ் நரம்பைத் தாக்கும் ரகம். தலைவலி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்குவது என்று ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், லேபிளையும் கையில் எடுத்துப்போங்கள். கிணறோ தண்ணீர்த் தொட்டியோ பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து கலக்கிய டிரம்மை 'நல்லா கழுவிட்டேன்' என்று தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் வீட்டில் குளியலறையைச் சுற்றிச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டோம். துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர். மற்ற இடங்களில் அரை லிட்டரிலேயே ததும்பிய மருந்தை, அந்த நாலு டைல்ஸ் பக்கத்துத் துளைகள் முழுசாக இழுத்துக்கொண்டன. மணலை நிரப்பியவர் அதை இடித்துக் கெட்டிப்படுத்தக்கூட இல்லை.

புது நிலை வைத்தாகிவிட்டது. கிளம்பும்போது ஆசிரியர் சொன்னார், அடுத்த மாதம் சமையலறை சிங்க் லைனையும் மாற்றப் போகிறாராம். "பிளம்பர் குழியை மூடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க சார்" என்றேன். காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டார்.