நாணயத்தைச் சுண்டுவது யார்?

"பேரை எடுத்துவிட்டுத்தானே கணக்கெடுப்பு விவரங்களை வெளியிடுகிறார்கள், அப்புறம் என்ன பயம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடவே "என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை" என்றும் எழுதியிருந்தார். இரண்டாவதை விட்டுவிடுகிறேன், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. முதல் கேள்வி அருமையான கேள்வி, ஏனென்றால் அதற்கான பதிலைக் கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

போட்டுப் பார்ப்போம். ஒரு சின்னக் குடியிருப்புப் பகுதி. அரசு அதைப் பற்றி மூன்று வரி மட்டும் வெளியிடுகிறது. மொத்தம் 3 பேர், சராசரி வயது 38. அதில் பெண்கள் 2 பேர், சராசரி வயது 42. பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் 2 பேர், சராசரி வயது 51. அவ்வளவுதான், பெயர் இல்லை, கதவு எண் இல்லை. இப்போது மூவரின் வயதுக் கூட்டல் 114, பெண்கள் இருவருடையது 84, ஆகவே ஆணுக்கு 30. பெரியவர்கள் இருவரின் கூட்டல் 102, அதில் ஆணின் 30 போனால் மற்ற பெரியவருக்கு 72, அவர் பெண். மிச்சமிருப்பது 12 வயதுப் பெண் குழந்தை. வெளியிட்டது மூன்று சராசரிகள், நம் கையில் இப்போது மூன்று ஆட்கள். அந்த வழியாக ஒருமுறை நடந்துபோகிறவருக்குப் பெயரும் தெரிந்துவிடும்.

இது மூன்று பேர் கணக்கு என்பதால் எளிதாக வந்தது என்று தோன்றும். 2003இல் இரித் தினூர், கோபி நிசிம் என்ற இரண்டு கணினி அறிவியலாளர்கள் நிரூபித்தது என்னவென்றால், எவ்வளவு பெரிய தரவானாலும், நிறையக் கேள்விகளுக்கு ரொம்பத் துல்லியமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அடியில் இருக்கும் தனித்தனி ஆட்களின் விவரம் ஏறக்குறைய முழுசாகத் திரும்ப எழும்பி வந்துவிடும். அமெரிக்க மக்கள்தொகைத் துறை தன்னுடைய 2010ஆம் ஆண்டு அட்டவணைகள்மீதே இந்தத் தாக்குதலை நடத்திப் பார்த்தது. முப்பது கோடிக்கும் மேற்பட்ட ஆட்களை ஒவ்வொருவராகத் திரும்பக் கட்டியதில் 46 சதவீதம் பேருக்குப் பகுதி, பாலினம், வயது, இனம் எல்லாம் அப்படியே பொருந்தின. (வெறும் ஊகத்திலேயே இதில் கணிசமான பங்கு பொருந்திவிடும் என்று ஸ்டீவன் ரகில்ஸ் போன்ற மக்கள்தொகை ஆய்வாளர்கள் மறுத்தார்கள், அந்தச் சண்டை சுவாரசியமானது, இன்னொரு நாள் பார்க்கலாம்.) அதற்கும் முன்னால், 1990களில், மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளையும் காசு கொடுத்தால் கிடைக்கும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் சொந்த மருத்துவப் பதிவை எடுத்துக் காட்டினார். தேவைப்பட்டது பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றுதான். "பெயர் நீக்கப்பட்டது" என்ற முத்திரையை நாம் தாயத்து மாதிரி நம்புகிறோம். கட்டியவருக்குத் தைரியம் வரும், பேய்க்குத்தான் அது தெரியாது.

அப்படியானால் அரசு எதையுமே கேட்கக் கூடாதா? அங்கேதான் சிக்கல். மக்கள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்றால் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ளவும் வேண்டும். எத்தனை பேருக்கு ஒரு தொகுதி, எங்கே பள்ளிக்கூடம், எந்த நோய் எங்கே பரவுகிறது, எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை தேவை. ஆனால் எண்ணுகிற கைதான் பிடிக்கிற கையும். மேற்கு ஜெர்மனியில் 1983இல் நடக்க இருந்த கணக்கெடுப்பை எதிர்த்து மக்கள் கொதித்தெழுந்து, விஷயம் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போய், அந்த டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிற தீர்ப்பு அது. ஒரு கூட்டத்துக்குப் போனால் எங்கோ பதிவாகும் என்று நினைக்கிற ஆள் போகாமலே இருந்துவிடலாம், அது அவருடைய நஷ்டம் மட்டுமல்ல, குடிமக்கள் பங்கெடுத்து நடக்க வேண்டிய ஜனநாயகத்தின் நஷ்டம் என்கிற பொருளில் அந்த நீதிபதிகள் எழுதினார்கள். அந்த உரிமைக்கு அவர்கள் வைத்த பெயர் தகவல் சுயநிர்ணயம். தேசங்களுக்குப் பயன்படுத்துகிற சொல்லைத் தனி ஆளின் விவரத்துக்குக் கொண்டுவந்தார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னபோது அந்தத் தீர்ப்பிலும் தகவல்மீது ஆளுக்கு இருக்க வேண்டிய பிடி பேசப்பட்டது.

சரி, சட்டம் சொல்லிவிட்டது. எண்ணிக்கை வேண்டும், ஆனால் ஆள் மாட்டக் கூடாது. இது முடிகிற காரியமா?

முடியும், ஒரு நாணயம் இருந்தால் போதும். 1965இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஏழே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய கவலை சாதாரணமானது: சங்கடமான கேள்வி கேட்டால் ஜனங்கள் பொய் சொல்கிறார்கள், கணக்கெடுப்பு கெட்டுப்போகிறது. அவர் பயன்படுத்தியது சுழலும் முள், பின்னால் வந்தவர்கள் அதையே நாணயமாக்கினார்கள், எனக்கு நாணய வடிவம்தான் அழகு.

கேள்வி இது: "போன வருஷம் வரியில் வருமானத்தை மறைத்தீர்களா?" பதில் சொல்ல வேண்டியவர் யாருக்கும் தெரியாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் இன்னொரு தடவை சுண்ட வேண்டும். அதில் தலை விழுந்தால் "ஆமாம்", பூ விழுந்தால் "இல்லை", உண்மை எதுவானாலும் சரி. கேட்கிறவர் காதில் விழுவது ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். நாணயம் என்ன காட்டியது என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை.

ஆயிரம் பேரிடம் கேட்டதில் 325 பேர் ஆமாம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 500 பேருக்கு முதலில் பூ விழுந்திருக்கும், அவர்களில் பாதி, 250 பேர், நாணயம் சொன்னதால் ஆமாம் என்றவர்கள். 325இல் 250 போனால் 75. இந்த 75 பேர் உண்மை சொல்லச் சொல்லப்பட்ட 500 பேரிலிருந்து வந்தவர்கள், அதாவது 15 சதவீதம். ஆக, ஊரில் வருமானத்தை மறைப்பவர்கள் சுமார் 15 சதவீதம். எண்ணிக்கை கிடைத்துவிட்டது, அதுவும் ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல்.

காட்டிக்கொடுக்கவில்லை என்று சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது, அதையும் அளந்து பார்க்கலாம். ஆயிரம் பேரில் 150 பேர் மறைத்தவர்கள். அவர்களில் முக்கால்வாசி, சுமார் 112 பேர், ஆமாம் சொல்வார்கள். மறைக்காத 850 பேரில் கால்வாசி, சுமார் 213 பேர், அவர்களும் ஆமாம் சொல்வார்கள். "ஆமாம்" என்று பதிவான ஒருவரை அதிகாரி பிடித்து உட்காரவைத்தால், அவர் ஒன்றும் மறைக்காதவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆள்மீதான சந்தேகம் 15 சதவீதத்திலிருந்து 35 ஆக ஏறியிருக்கிறது, அதற்குமேல் ஏறாது. "எனக்குப் பூ விழுந்தது ஐயா" என்று அவர் சொன்னால் அதை மறுக்க உலகத்தில் எந்த ஆவணமும் கிடையாது. அவரை மிரட்டலாம், அடிக்கலாம், சட்டத்தை மாற்றலாம், ஆனால் எழுதியே வைக்காத ஒன்றை எங்கே போய்ப் பறிமுதல் செய்வது?

இதற்கு ஒரு விலை உண்டு. நேரடியாகக் கேட்டு எல்லோரும் உண்மை சொல்லியிருந்தால் அந்த 15இல் ஒரு சதவீதப் புள்ளி முன்னே பின்னே பிழை வரும், நாணய முறையில் மூன்று புள்ளி. அதே துல்லியம் வேண்டுமானால் ஏறக்குறைய ஏழு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். கோடிக்கணக்கான ஆட்களை எண்ணும்போது இந்தப் பிழை ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும், நூறு பேர் இருக்கும் இடத்தில் பெரிதாக உறுத்தும். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுண்டச் சொன்னால், மறைத்தவர் ஏழெட்டு முறை ஆமாம் சொல்வார், மறைக்காதவர் இரண்டு மூன்று முறை. குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு தடவை கேட்டால் அதிகபட்சம் 3 மடங்கு தடயம் (மறைத்தவர் ஆமாம் சொல்ல முக்கால் வாய்ப்பு, மறைக்காதவருக்குக் கால், அதன் மூன்று மடங்கு), பத்துத் தடவை கேட்டால் மூன்றைப் பத்துமுறை பெருக்கி 59,049 மடங்கு. ஆகவே அந்தரங்கம் என்பது பூட்டு மாதிரி இருக்கிறது இல்லை என்று சொல்கிற விஷயம் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிற கையிருப்பு. 2006இல் சிந்தியா டுவொர்க்கும் மூன்று சகாக்களும் இந்தச் செலவைக் கறாராக அளக்க ஒரு வரையறை எழுதினார்கள், டிஃபரன்ஷியல் பிரைவசி என்று பெயர், அளவுக்குக் குறி எப்சிலான். நம் நாணயத்தின் எப்சிலான் சுமார் 1.1 (2.718 என்ற எண்ணை அத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் அந்த 3 மடங்கு வரும்).

வார்னரின் ஏழு பக்கத்துக்கும் 2014இல் கூகுள் தன் குரோம் உலாவியில் அதே தந்திரத்தைச் சேர்த்ததற்கும் நடுவில் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. உடனடிப் பயன் என்ன, மூன்று வருஷத்தில் என்ன தயாரிப்பு வரும் என்று கேட்டுக் கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிற குழுக்களில் இருப்பவர்கள் இந்த இடைவெளியை எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

இனி எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். 2020 கணக்கெடுப்பில் அமெரிக்கா டிஃபரன்ஷியல் பிரைவசியைப் பயன்படுத்தியது. மாநில மொத்தத்தைத் தொடாமல், அதற்குக் கீழே உள்ள சின்னப் பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை கலந்தார்கள். வாழ்த்துகள். ஆனால் இங்கே நாணயத்தைச் சுண்டியது குடிமகன் இல்லை, அரசு. எல்லோருடைய உண்மையான பதிலையும் முதலில் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வெளியிடும்போது மட்டும் சுண்டுகிறார்கள். வெளியாளிடமிருந்து இது நம்மைக் காக்கும். பெட்டியின் சாவி வைத்திருப்பவரிடமிருந்து காக்காது. அந்த நாட்டின் வரலாறே இதற்குச் சாட்சி: 1942இல் போர்க்காலச் சட்டம் ஒன்று கணக்கெடுப்பின் ரகசியக் காப்பைத் தூக்கியது, ஜப்பானிய வம்சாவளியினர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற அட்டவணைகள் அவர்களை முகாம்களுக்கு அள்ளிக்கொண்டுபோக உதவின, 1943இல் தலைநகரில் வசித்த அப்படிப்பட்டவர்களின் பெயரும் முகவரியுமே வேறொரு துறைக்குப் போனது. பெயர்கள் போனதற்கான ஆவணத்தை ஆய்வாளர்கள் 2007இல்தான் வெளிக்கொண்டு வந்தார்கள். வெளியீட்டில் எவ்வளவு பிழை கலந்திருந்தாலும் அன்றைக்கு அது எதையும் தடுத்திருக்காது, பட்டியல் உள்ளிருந்தே போனது. நாணயம் வீட்டுத் திண்ணையிலேயே சுண்டப்பட்டிருந்தால் அனுப்புவதற்குப் பட்டியலே இருந்திருக்காது.

எப்சிலானை எவ்வளவு வைப்பது என்பதையும் கணிதம் சொல்லித் தராது. தொகுதி எல்லை வகுப்பதற்காக வெளியிட்ட 2020 தரவுக்கு அந்தத் துறை வைத்த மொத்த எண் 19.61. நம் நாணயம் அதிகபட்சம் 3 மடங்கு தடயம் விட்டது. இந்த எண்ணை அதே வழியில் மாற்றினால் சுமார் 33 கோடி மடங்கு வருகிறது. இது எல்லா அட்டவணைகளையும் சேர்த்த, மிக மோசமான நிலைக்கான மேல் எல்லை, நடைமுறையில் இவ்வளவு கசியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 33 கோடி! எண்ணைக் குறைத்தால் சின்ன ஊர்களின் கணக்கு கோணலாகும், ஆளில்லாத இடத்தில் ஆள் முளைக்கும், பெரியவர்களே இல்லாமல் குழந்தைகள் மட்டும் குடியிருக்கும் பகுதிகள் தோன்றும், 2020 தரவிலேயே அப்படிப் பல தோன்றவும் செய்தன. அலபாமா மாநிலம் இந்த முறையை எதிர்த்து வழக்குப் போட்டது, கேட்ட தடை கிடைக்கவில்லை. நான் அலபாமா பக்கம் இல்லை, ஆனால் அந்த முறையைக் குறித்து ஒரு மாநிலம் நீதிமன்றம் வரை போக முடிந்ததே, அது நல்லதுதான். முன்பெல்லாம் இதே துறை வெவ்வேறு பகுதிகளில் உள்ள வீடுகளின் விவரங்களை இடம் மாற்றிவைத்து வெளியிட்டபோது, எத்தனை வீட்டை மாற்றினார்கள் என்பதே ரகசியமாக இருந்தது.

வாசகரின் கேள்விக்குத் திரும்பினால், பேரை எடுப்பது எந்தக் காப்பும் இல்லை, மூன்று சராசரியும் ஒரு பென்சிலும் போதும் என்று பார்த்தோம். நாணயம் நல்ல காப்பு, எண்ணுவதற்கு மட்டும். உங்கள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது பூ விழுந்தது என்று சொல்லிப் பாருங்கள், நோட்டீஸ் வரும்.