தரை உயர்ந்தால் எரிமலை வெடிக்குமா?

எரிமலையின் அடியில் பாறைக்குழம்பு சேரும்போது மேலே உள்ள தரை வீங்கும், வெளியேறினால் தாழும். பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கிலான அசைவு இது. அளப்பதைவிட, அளந்தது எரிமலையின் அசைவுதானா என்று உறுதிசெய்வதில்தான் எரிமலைகளைக் கண்காணிக்கும் எங்களுக்கு அதிக நேரம் போகிறது.

சாய்வுமானி ஒரு மைக்ரோரேடியனுக்கும் குறைந்த சாய்வைக் காட்டும். ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வுதான் ஒரு மைக்ரோரேடியன். இதை மேல்மண்ணில் வைத்தால் பகல் வெயிலும் இரவுக் குளிரும் தினமும் ஓர் அலையை வரையும். பெருமழையில் மண் ஊறினால் பொய்யான சாய்வு பதியும். ஆகவே பாறையில் துளையிட்டு ஆழத்தில் இறக்க வேண்டும், பக்கத்திலேயே மழைமானியும் வேண்டும். மணிக்கணக்கில் நிகழும் மாற்றத்துக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை. மாதக்கணக்கில் என்றால் கருவி காட்டும் அளவே மெல்ல விலகிப்போகும். அங்கே ஜிபிஎஸ்ஸைத்தான் நம்ப வேண்டும்.

ஜிபிஎஸ்ஸில் மேல்-கீழ் அளவின் பிழை பக்கவாட்டுப் பிழையைப் போல இரண்டு மூன்று மடங்கு. இருந்தாலும் இரண்டும் சேர்ந்தால் ஆழம் தெரியும். 1958இல் ஜப்பானிய அறிவியலாளர் மோகி பயன்படுத்திய எளிய கணித மாதிரியின்படி, உயர்வைப் பக்கவாட்டு நகர்வால் வகுத்தால் வருவது, ஆழத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம். வீக்கத்தின் மையத்திலிருந்து 3 கி.மீ. தள்ளியுள்ள நிலையம் 20 மி.மீ. உயர்ந்து 10 மி.மீ. வெளியே நகர்ந்தால், வீக்கத்தை உண்டாக்கும் மூலம் சுமார் 6 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது.

சென்டினல்-1 செயற்கைக்கோளின் ராடார் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. இரு படங்களை ஒப்பிட்டால் வரும் ஒவ்வொரு வண்ணவளையமும் செயற்கைக்கோளை நோக்கிய திசையில் 2.8 செ.மீ. அசைவு. உயரமான மலைகளில் காற்றிலுள்ள நீராவியும் இதே போன்ற வளையங்களை வரைந்து ஏமாற்றும். வளையங்கள் மலையின் உயரக்கோடுகளை அப்படியே பின்பற்றினால் சந்தேகப்படுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளின் படம் இடம்பெறும் இணைகளில் மட்டும் வளையங்கள் தென்பட்டால், பெரும்பாலும் அது அந்நாளின் காற்று.

அசைவு உண்மை என்று தெரிந்த பிறகும் முன்னறிவிப்பு எளிதல்ல. இத்தாலியின் எரிமலைப் பகுதியிலுள்ள பொட்சுவோலி நகரில் 1982 முதல் 1984 வரை தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, ஏறக்குறைய 40,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், எரிமலை வெடிக்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1980இல் வடக்குச் சரிவு நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் புடைத்துக்கொண்டிருந்தது. மே 18 அன்று வெடிக்கும் முன் அந்த வேகத்தில் எச்சரிக்கும்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஒரு நிலநடுக்கத்தில் சரிவு பெயர்ந்து விழ, மலை வெடித்தது.

ஆகவே 'தரை இத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தது' என்ற செய்தியைப் பார்த்தால், எத்தனை நாளில், எவ்வளவு ஆழத்து மூலத்தால் என்று கேளுங்கள். நிலநடுக்கங்கள் மேல்நோக்கி நகர்கின்றனவா, எரிமலை வாயுவான கந்தக டைஆக்சைடு கூடுகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.