பெயரைத் தேடி வருபவருக்கும் கமிஷன் கொடுக்கிறீர்களா? சிறு விடுதிக்காரர்களுக்குச் சில வார்த்தைகள்

கும்பகோணத்தில் 14 அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ். மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரம்தான். "கூகுள்ல நாம தெரியவே மாட்டேங்கிறோம் தம்பி, மாசம் எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டுத்தான் அதன் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். செலவைப் பிறகு பேசலாம் ஐயா, முதலில் தங்குவோர் பதிவேட்டைக் கொடுங்கள் என்றேன். ரிசப்ஷனில் உட்கார்ந்து மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டினோம். புக்கிங் ஆப் வழியாக வந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு குறி போட்டு வைத்திருந்தார். அந்தக் குறி உள்ளவர்களில் பலர் ஏற்கெனவே அங்கே தங்கியவர்கள். பெங்களூருவிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு அது நாலாவது முறை. நாலு முறையும் சிவப்புக் குறி.

அந்தக் குடும்பத்துக்காரருக்கே போன் போட்டுக் கேட்டோம். "உங்க லாட்ஜ் பேரைத்தான் சார் கூகுள்ல போட்டேன். மேல வந்ததை அழுத்தினேன், ரூம் புக் ஆயிடுச்சு" என்றார். மேலே வந்தது ஆப்பின் இணைப்பு.

விடுதிகளைக் கூகுள் தேடலில் தெரியவைக்கிற வேலையைப் பத்து வருடமாகச் செய்கிறேன். 'தேடலில் முதலிடம்' என்று எல்லோரும் பேசுகிறார்கள். சொந்தப் பெயரைத் தட்டினால் சொந்த போன் எண் வருகிறதா என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. சரிசெய்யாமல் விட்டால்தான் பணம் போகிறது.

கணக்கைப் பாருங்கள். அறை வாடகை 1,500 ரூபாய். கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 300. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 54 ரூபாய். மொத்தம் 354. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி.தான், ஆனால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. ஆகவே அந்த 54 ரூபாயும் திரும்பி வராது. மாதம் 30 இரவு இப்படிப் போனால் 10,620 ரூபாய். ஊர் பேர் தெரியாத புது விருந்தினரை ஆப் கொண்டுவந்து சேர்த்தால் அதற்குக் கமிஷன் கொடுப்பது நியாயம், நானே கொடுக்கச் சொல்வேன். உங்கள் வீட்டு விருந்தாளி மாதிரி நாலாவது முறை வருகிறவருக்கும் கொடுப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில். உங்கள் பெயரைத் தேடினால் மேப்போடு, படங்களோடு, நட்சத்திரங்களோடு வருகிறதே, அந்தப் பெட்டி. அது முழுக்க இலவசம். அந்த லாட்ஜின் பெட்டியைத் திறந்தபோது, அதிலிருந்த போன் எண் வேலையை விட்டுப்போன பழைய மேனேஜருடையது. கணக்கின் உரிமை, எப்போதோ விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்த ஒரு பையனின் ஜிமெயிலில் இருந்தது. அவன் இப்போது வெளிநாட்டில். யார் மேலும் குற்றமில்லை, அப்போது "நீயே போட்டுடுப்பா" என்று விட்டிருக்கிறார்கள். உரிமை கோரி விண்ணப்பித்தோம். லாட்ஜின் பெயர்ப்பலகை, தெரு, ரிசப்ஷன், சாவி வைக்கும் அறை எல்லாம் தெரியும்படி கூகுள் கேட்ட வீடியோவை எடுத்து அனுப்பினோம். உரிமை கைக்கு வந்தது. இப்போது முதன்மை உரிமையாளர் அவர்தான், நான் வெறும் மேலாளர். நீங்கள் யாரை வேலைக்கு வைத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைச் சாவியை எப்படிக் கொடுப்பீர்களோ அப்படித்தான் இதையும் கொடுக்க வேண்டும்.

அடுத்தது 'ஹோட்டல்' என்ற சொல். நம் ஊரில் ஹோட்டல் என்றால் இட்லி, தோசை. கூகுளுக்கு ஹோட்டல் என்றால் தங்குமிடம். இந்தக் குழப்பத்தால் டிபன் கடைகள் தங்குமிடப் பிரிவிலும், லாட்ஜ்கள் உணவகப் பிரிவிலும் பதிவாகிக் கிடப்பதை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். இந்த லாட்ஜின் கீழே ஒரு சின்ன டிபன் கடை உண்டு. இரண்டும் ஒரே பதிவில், 'உணவகம்' என்ற வகையில் இருந்தன. 'கும்பகோணம் ரூம்' என்று தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்? உள்ளூர்த் தேடலில் தேடலுக்கான பொருத்தம், தூரம், அந்த இடம் எவ்வளவு பேர்பெற்றது என்ற மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. முதல் படியிலேயே நாம் பொருந்தவில்லை. டிபன் கடையைத் தனிப் பதிவாக்கினோம், லாட்ஜை ஹோட்டல் வகைக்கு மாற்றினோம். வகையை மாற்றியதும் செக்-இன் நேரம், பார்க்கிங், லிப்ட், ஏசி, வெந்நீர் என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் தாமாகவே திறந்தன. அத்தனையையும் நிரப்பினோம். இல்லாத வசதியை 'இல்லை' என்றே போட்டோம். லிப்ட் இல்லை என்று முன்பே தெரிந்தால் முட்டிவலிக்காரர் தரைத்தள அறை கேட்டு வாங்கிக்கொள்வார். வந்து பார்த்துத் தெரிந்தால் ஒற்றை நட்சத்திரம் போடுவார்.

பெயரில் கை வைக்காதீர்கள். பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். 'பெஸ்ட் சீப் ரூம்ஸ் நியர் பஸ் ஸ்டாண்ட்' என்று பெயரோடு ஒட்டிவைத்தால் கொஞ்ச நாள் மேலே வரும். அது விதிமீறல் என்பதால் பதிவையே முடக்கிவிடலாம். இன்னொன்று, ஸ்ரீயை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். பலகையில் ஒன்று, பில்லில் ஒன்று, ஆப்பில் ஒன்று என்று இருந்தால் ஒரே லாட்ஜ் மூன்று லாட்ஜாகத் தெரியும். ஒரு எழுத்துக்கூட்டை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். போன் எண்ணும் அப்படியே.

மேப்பில் குத்தியிருக்கும் புள்ளியையும் ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். இங்கே புள்ளி பின்பக்கச் சந்தில் இருந்தது. வேன் நுழைய முடியாத சந்து. ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைகளோடு வந்து அங்கே மாட்டிக்கொண்ட ஒருவர் எழுதிய ரிவ்யூ இன்னும் இருக்கிறது.

இனி சொல்வது, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். கேட்பாரற்றுக் கிடக்கும் பதிவில் யார் வேண்டுமானாலும் 'திருத்தம்' பரிந்துரைக்கலாம். போன் எண்ணை மாற்றவும் பரிந்துரைக்கலாம். மாறிவிட்டால், வாடிக்கையாளர் உங்களைத்தான் அழைக்கிறோம் என்று நம்பி மோசடிக்காரனிடம் பேசுவார், முன்பணம் அனுப்புவார், பிறகு பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நிற்பார். 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், யாத்ரீகர்களைக் குறிவைக்கும் போலி முன்பதிவுத் தளங்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. கோயில் ஊர்க்காரர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. வாரம் ஒருமுறை, உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு போனிலிருந்து சொந்தப் பெயரைத் தேடி, வருகிற எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். உங்கள் மேஜையில் மணி அடிக்க வேண்டும். யாராவது ஏமாந்து வந்தால் அவரிடம் கோபப்படாமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க உதவுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அதேபோல, "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் எடுத்துவிடுவோம், 6,000 ரூபாய் கட்டுங்கள்" என்று போன் வரும். கட்டாதீர்கள். பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 'முதல் பக்கத்தில் முதலிடம், உத்தரவாதம்' என்கிறவரையும் நம்பாதீர்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைச் சொல்லி விற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இணையதளத்துக்கு வருவோம். இந்த லாட்ஜுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. திறந்தால் கோபுரப் படம் ஒன்று மெதுவாக இறங்கும், அப்புறம் இன்னொரு கோபுரம். வாடகைப் பட்டியல் போட்டோவாக ஒட்டப்பட்டிருந்தது. போன் எண்ணும் அந்தப் போட்டோவுக்குள்ளேயே, அழுத்தினால் கால் போகாது. வாடகையை எழுத்தாகவே அடித்தோம், படங்களைச் சுருக்கினோம், எண்ணையும் வாட்ஸ்ஆப்பையும் அழுத்தினால் அழைக்கிற மாதிரி வைத்தோம். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் எவ்வளவு ஆகிறது என்று காட்டிவிடும். தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் கூகுள் படிக்கிறது, ஆகவே கம்ப்யூட்டரில் அழகாக இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம்.

பிறகு உரிமையாளரிடமும் ராத்திரி ஷிப்ட் பையனிடமும் ஒரு நோட்டைக் கொடுத்தேன். போனில் யார் என்ன கேட்டாலும் அப்படியே எழுதிவைக்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் நோட்டு நிறைந்தது. காலை நாலு மணிக்கு வெந்நீர் வருமா? டிரைவர் படுக்க இடம் உண்டா? திருநாகேஸ்வரம் எவ்வளவு தூரம், ராகு கால பாலாபிஷேகம் முடிந்து வந்தால் ரூம் இருக்குமா? நவக்கிரக பஸ் எங்கிருந்து கிளம்புகிறது? முகூர்த்த நாளில் எட்டு ரூம் சேர்த்துக் கிடைக்குமா? குளித்துவிட்டுக் கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அறை தருவீர்களா?

இந்தக் கேள்விகளைத்தான் அதே வார்த்தைகளில் ஜனங்கள் கூகுளிடமும் கேட்கிறார்கள். 'கும்பகோணத்தில் சிறந்த ஹோட்டல்' என்ற தேடலில் பெரிய ஆப்களோடு 14 அறை லாட்ஜ் மோதி ஜெயிக்காது. 'திருநாகேஸ்வரம் பக்கத்தில் டிரைவருக்கு இடம் உள்ள லாட்ஜ்' என்பதற்கு அந்த ஆப்களிடம் பதிலே இல்லை. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் தளத்தில் ஒரு சின்னப் பதில் எழுதினோம். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். திருநாகேஸ்வரம் இங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர், அபிஷேகம் முடிந்து ஏழரைக்குள் திரும்பிவிடலாம், அன்றிரவு தங்கினால் திங்கள் காலை சாவியை எத்தனை மணிக்குக் கொடுக்கலாம் என்பது வரை எழுதினோம். எழுதியது நானல்ல, உரிமையாளர் சொல்லச் சொல்ல அவர் மகள் தட்டச்சு செய்தார். அந்த மண்ணின் நுணுக்கம் எனக்கு எங்கே தெரியும்? நவக்கிரகத் தலங்களுக்கு ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள் என்பதால், தெலுங்கும் கன்னடமும் தெரிந்தவர்களைக் கொண்டு ஒரு பக்கம் எழுதி வாங்கினோம். மொத்த வேலையில் கையைவிட்டுப் போன பெரிய தொகை அதுதான்.

ரிவ்யூ பற்றி ஒரு வார்த்தை. தள்ளுபடி தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்பது கூகுள் விதிப்படி தவறு. ஊழியர்களும் உறவினர்களும் எழுதுவதும் அப்படியே. சாவியை வாங்கும்போது, "உங்களுக்கு எது வசதியா இருந்துச்சு, எது குறையா இருந்துச்சு, ரெண்டையும் எழுதுங்க" என்று சொல்லி கியூஆர் அட்டையைக் காட்டினால் போதும். குறை எழுதினால் இரண்டு நாளுக்குள் பதில் எழுதுங்கள். அந்தச் சந்து ரிவ்யூவுக்கு எங்கள் உரிமையாளர், "அம்மா, புள்ளி தவறாக இருந்தது, மாற்றிவிட்டோம், சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டுத்தான் வந்தோம் என்று ஒரு குடும்பம் பிறகு சொன்னது.

நேரடியாக அழைப்பவருக்கு வாடகையைக் குறைக்கலாமா என்று கேட்கிறார்கள். முதலில் ஆப்போடு போட்ட ஒப்பந்தத்தைப் படியுங்கள். வேறெங்கும் குறைந்த வாடகைக்குத் தரக் கூடாது என்ற வரி இருக்கலாம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ என்ற புக்கிங் ஆப் நிறுவனத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில் இப்படிப்பட்ட நிபந்தனையும் ஒரு முக்கிய விஷயம். என் யோசனை, விலையில் கை வைக்காமல் வசதியைக் கூட்டுங்கள். இங்கே, நேரடியாக போன் செய்கிறவர்களுக்கு அறை காலியாக இருந்தால் விடியற்காலை நாலு மணிக்கே சாவி தருகிறார்கள். ரயிலில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு நூறு ரூபாய்த் தள்ளுபடியைவிட அது பெரிது. முன்பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 2021 மார்ச்சிலிருந்து கூகுளின் விடுதித் தேடலில் உங்கள் சொந்த முன்பதிவு இணைப்பையும் கட்டணமில்லாமல் காட்ட வழி இருக்கிறது. உங்கள் மென்பொருள்காரரிடம் அது இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

விளம்பரத்துக்குப் பணம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குருப்பெயர்ச்சி, ராகு-கேதுப் பெயர்ச்சி போன்ற நாட்களுக்கு முந்தைய வாரங்களில், சொந்தப் பெயருக்கு மட்டும் சிறு தொகையில் போடச் சொல்வேன். மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகுதான்.

அடுத்த மகாமகம் 2028-இல். அந்த நேரத்தில் அவசரமாகப் பதிவைத் தேடி உரிமை கோருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். பழைய ரிவ்யூக்களும் பழைய பக்கங்களும் ஒரே வாரத்தில் முளைக்காது. கும்பகோணத்து லாட்ஜில் இப்போது திங்கட்கிழமைதோறும் உரிமையாளரின் மகள் போனில் ப்ரொஃபைலைத் திறந்து, யார் என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியலை அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறார். போன வாரம் அதில் புதிதாக ஒன்று இருந்தது: 'கும்பகோணம் லாட்ஜ் வீல்சேர்'. தரைத்தளத்து இரண்டாம் எண் அறையின் குளியலறை வாசலில் உள்ள படியை உடைத்துச் சாய்தளமாக்க மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும்.