புது ஸ்போர்ட்ஸ் காரில் ரிங் ‘செட்’ ஆவது எப்படி?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆனிக் கடைசியில் கொச்சிக்குப் போய் ஒரு போர்ஷே 911 கரேரா டெலிவரி எடுத்து வந்திருக்கிறார். வண்டி வீட்டுக்கு வந்த கையோடு ஆடி பிறந்துவிட்டது. “ஆடி கழிஞ்சு ஓட்டுனாப் போதும்” என்று அம்மா சொல்லிவிட்டதால் அது போர்டிகோவிலேயே நிற்கிறது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார். அவருடைய கேள்வி இது: “முதல் 3,000 கிலோமீட்டர் வரை எஞ்சின் 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டு வண்டிகளையெல்லாம் பார்க்கிற மெக்கானிக்கோ, ‘தொடக்கத்துலயே நல்லா வலிச்சு ஓட்டணும் மக்கா, இல்லன்னா காலத்துக்கும் புல்லிங் வராது’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

இருவரிடமும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. புது எஞ்சினுக்கு அழுத்தம் வேண்டும், மிகை வேகம் வேண்டாம். இந்த இரண்டும் வேறுவேறு என்பதைப் புரிந்துகொள்ள, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ‘ரிங்’ என்ற மெல்லிய இரும்பு வளையத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதுதான்.

நான்கு ஸ்ட்ரோக் கதை பள்ளியிலேயே படித்ததுதான். உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம். எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் கிராங்கைச் சுற்றுகிறது. பாடப்புத்தகப் படத்தில் பிஸ்டன் சிலிண்டரை அடைத்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். உண்மையில் அது அடைப்பதில்லை. அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரியும் என்பதால் சிலிண்டரைவிடச் சற்றுச் சிறியதாகவே செய்கிறார்கள். மிஞ்சும் இடைவெளியை அடைக்கும் வேலை ரிங்குகளுடையது. மேலே இரண்டு ரிங் வாயுவைத் தடுக்கும், மூன்றாவது சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலை வழித்துக் கீழே அனுப்பும்.

மேல் ரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையமாக இருக்கும். அந்த வெட்டு இருப்பதால்தான் அது வில்போல விரிந்து சுவரில் பதிகிறது. இங்கிலாந்தில் ரயில் எஞ்சின்களோடு பழகிய ஜான் ராம்ஸ்பாட்டம் 1854இல் இந்த யோசனையை வெளியிட்டார். அதுவரை நீராவி எஞ்சின் பிஸ்டன்களைச் சணல் சுற்றி அடைத்துவந்தார்கள்.

ஆனால் ரிங்கின் சொந்த வில்விசை மிகச் சிறியது. ஓரிரு பார் அழுத்தத்தில்தான் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அது சுவரைத் தொடுகிறது. டர்போ பெட்ரோல் எஞ்சினில் எரிதலின் உச்சத்தில் வாயுவின் அழுத்தம் நூறு பாரை நெருங்கும். ஓரிரு பாரில் தொட்டுக்கொண்டிருக்கும் வளையம் நூறு பாரை எப்படித் தடுக்கிறது?

வாயுவையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. பிஸ்டனிலுள்ள பள்ளத்தில் ரிங் இறுக்கமாக உட்காருவதில்லை, மேலே ஒரு தலைமுடிப் பருமன்கூட வராத சிறு இடைவெளி இருக்கும். எரிந்து விரியும் வாயு அந்த இடைவெளி வழியாக நுழைந்து ரிங்கின் முதுகுப்பக்கம் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து ரிங்கை வெளிப்பக்கமாகச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. மேலிருந்து பள்ளத்தின் அடித்தளத்தோடும் சேர்த்து அழுத்துகிறது. தப்பி ஓட நினைக்கும் வாயுவே தன் வழியைத் தானே அடைத்துவிடுகிறது. அழுத்தம் கூடினால் அடைப்பும் கூடும். எரிதல் முடிந்து பிஸ்டன் புகையை வெளியே தள்ளும்போது அழுத்தம் விழுந்துவிடும், ரிங்கும் பிடியைத் தளர்த்திக்கொள்ளும், உராய்வு குறையும். எந்த சென்சாரும் கணினியும் இதற்குத் தேவையில்லை. வாயு அழுத்தத்தை ரிங்கின் முதுகுக்குக் கொண்டுபோகும் இந்த ஏற்பாட்டை 1862இல் மில்லர் என்பவர் நீராவி எஞ்சினுக்காகச் செய்தார். இன்று கோடி ரூபாய்க்கு மேல் விற்கும் காரிலும் அதே உத்திதான் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது.

இனி சுவருக்கு வருவோம். புது சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்யும் ஒரு ரீபோர் பட்டறையில், லாரி எஞ்சின் சிலிண்டரின் உள்ளுறைகளான லைனர்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். புதியதில் வலமும் இடமும் சாய்ந்து குறுக்கும் மறுக்குமாக ஓடும் நுண்ணிய கோடுகள். நகத்தால் வருடினால் மெல்லிய சொரசொரப்பு தெரிந்தது. ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து, வேண்டுமென்றே போடும் கீறல்கள் அவை. பழையதில் நடுப்பகுதியில் கோடுகள் மங்கலாக இன்னும் இருந்தன. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே மட்டும் கோடே இல்லாமல் பளபளவென்று தேய்ந்து, ஒரு படிபோல இறங்கியிருந்தது. அந்தப் படியில் நகம் மாட்டிக்கொண்டு நின்றது.

மேலே மட்டும் ஏன் அந்தத் தேய்மானம்? ஓட்டத்தின் நடுவில் பிஸ்டன் வேகமாகப் போவதால் ரிங் ஆயில் படலத்தின் மேல் மிதந்து போகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. மேல் முனைக்கு வந்ததும் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். நின்றால் மிதப்பும் போய்விடும். எரிதல் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவதும் அந்த இடத்தை ஒட்டித்தான். படலம் மிக மெலிந்து, ரிங் மிக அழுத்தமாகப் பதியும் இடம் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. புது எஞ்சினில் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று இழைத்துக்கொள்வதும், அதாவது ரிங் ‘செட்’ ஆவதும் அங்கேதான்.

நம் வீடுகளில் புது ஆட்டுக்கல் வாங்கினால் முதலில் தவிட்டையோ பழைய அரிசியையோ போட்டு ஆட்டிக் கொட்டிவிடுவார்கள். கொத்தின முனைகள் உதிரும், குழிகள் மிஞ்சும். குழி மிஞ்சினால்தான் கல் மாவை அரைக்கும். சிலிண்டரிலும் கீறல்களின் முகடுகள் தேய்ந்து தட்டையாக வேண்டும், பள்ளங்கள் ஆயிலைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய தொழிற்சாலைகளில் முகடுகளைப் பாதி சீவியே அனுப்புகிறார்கள். அதனால் நம் அப்பா காலத்து அம்பாசடருக்கு வேண்டியிருந்த அளவுக்குப் பொறுமை இப்போது வேண்டாம். மீதி வேலை ஓட்டுகிறவர் கையில்.

மெக்கானிக் சொல்வதன் பாதி உண்மை இப்போது புரிந்திருக்கும். ரிங் சுவரில் பதிய வேண்டுமானால் முதுகுப்பக்கம் வாயு அழுத்தம் வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் நாளெல்லாம் உருட்டினால் அது கிடைக்காது. சுவரில் தங்கும் ஆயில் சூட்டில் வார்னிஷ்போலக் காய்ந்து பள்ளங்களை மூடிவிடும். சுமையே இல்லாமல் மணிக்கணக்காக ஓடும் டீசல் ஜெனரேட்டர்களுக்கு இந்த நோய் வருவது தெரிந்த விஷயம். பிறகு புகை தள்ளும், ஆயில் குடிக்கும்.

கையேட்டின் பாதி உண்மை ஆர்பிஎம்மில் இருக்கிறது. 911 கரேராவின் மூன்று லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் 76.4 மில்லிமீட்டர் தூரம் போய் வருகிறது. 6,000 ஆர்பிஎம்மில் அது ஒரு விநாடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. அதன் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டருக்கும் மேல். இப்படி நிறுத்தித் திருப்பும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 4,000லிருந்து 7,500க்குப் போனால் வேகம் இரண்டு மடங்குகூட ஆகாது, அந்த விசை மூன்றரை மடங்கு ஆகிவிடும். அதோடு, இன்னும் முகடுகள் தேயாத இடங்களில் உராய்வுச் சூடும் ஏறும். சூடு எல்லை மீறினால் முகடுகள் தேய்வதற்குப் பதிலாக ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து, நெடுக்குக் கீறல்கள் விழும். அதை எந்த ஆயிலாலும் சரிசெய்ய முடியாது.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் இதில் இவ்வளவு கவனம் காட்டுகிறார்கள். பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரிலேயே ஒரு தனி சர்வீஸ் உண்டு. எஞ்சின் ஆயிலோடு, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றுவார்கள், ஏனென்றால் அங்கும் பற்கள் கடும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கித் தேய்ந்து பழகுகின்றன. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான எட்டாம் தலைமுறை கார்வெட்டில் முதல் 500 மைல், அதாவது ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வரை, எஞ்சினின் முழு இழுவிசையைத் தராமல் கணினியே பிடித்துவைக்கிறது.

முகடு தேய்வதோடு கதை முடியவில்லை. ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்மம் உண்டு, சுருக்கமாக இசட்டிடிபி என்பார்கள். அழுத்தமும் சூடும் கூடும் இடத்தில், அங்கே மட்டும், அது உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலத்தை வளர்க்கிறது. பருமன் 100 நானோமீட்டர் அளவுதான், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 1940களிலிருந்து எஞ்சின் ஆயிலில் கலக்கப்பட்டுவரும் இந்தப் பொருளின் படலம் வளர்வதை, அணுவிசை நுண்நோக்கியின் நுனியால் தேய்த்துக்கொண்டே நேரடியாகப் பார்த்து 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். தேய்க்கும் அழுத்தம் கூடக் கூடப் படலம் வேகமாக வளர்வதாக அதில் தெரிந்தது. கோடிக்கணக்கான எஞ்சின்களைக் காத்த ஒரு பொருள் வேலை செய்வதை நேரில் பார்க்க நமக்கு 70 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

உராய்வை ஆராயும் இந்தத் துறைக்குப் பணம் போதாது என்பது என் உறுதியான கருத்து. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு 1966இலேயே கணக்குக் காட்டியது. நம் மாவட்ட எல்லையை ஒட்டிய மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது, அந்தச் செலவு முழுக்கத் தகும். அங்கே அதிவேகத்தில் சுழலும் பம்பின் பேரிங்கும் உராய்வோடுதான் போராடுகிறது. குமரி மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் போட் எஞ்சின்கள் வடிக்கும் பழைய ஆயிலை வாங்கி, அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு அலுமினியம் என்று தொடர்ந்து அளந்து சொல்ல ஒரு கல்லூரிக்கு நிதி கொடுத்தால், எஞ்சின் பழுதாகும் முன்பே மீனவருக்குத் தெரிந்துவிடும். கடலுக்கு நடுவில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஆடிக்கு வருகிறேன். நாகராஜா கோவிலிலோ கோட்டாறு சவேரியார் ஆலயத்திலோ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது குடும்பத்தின் சந்தோஷம். டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தால் ரப்பருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மாதம் பார்த்து வண்டியை நிறுத்தி வைத்து, தினமும் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது புது எஞ்சினுக்குக் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான எஞ்சினில் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினில், இன்னும் செட் ஆகாத ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கிவிடும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். பத்து நிமிட ஐடிலிங்கில் இவை ஆவியாகும் சூட்டுக்கு ஆயில் போவதே இல்லை. ரிங்குக்கு வேண்டிய அழுத்தமும் கிடைப்பதில்லை. கெட்டது அத்தனையும் சேர்கிறது, நல்லது ஒன்றும் நடப்பதில்லை. ஆடி மாதத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பேட்டரி இறங்கிவிடும் என்ற பயம் இருந்தால் அதற்கு ஒரு சார்ஜர் போதும்.

ஓட்டுவதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்த கிலோமீட்டர்களை ரன்னிங்-இன், அதாவது எஞ்சினைப் பழக்கும் ஓட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சாலையில், எஞ்சினின் சுமை தானாகவே கூடிக் கூடிக் குறையும், புது ரிங்குக்கு வேண்டியதும் அதுதான். இன்னும் நீளமாகப் போக ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய் நான்குவழிச் சாலையைப் பிடிக்கலாம். முதல் 20 நிமிடம் ஆயில் சூடாகட்டும். பிறகு கியரை மேனுவலுக்கு மாற்றி, 2,000லிருந்து 4,000க்குள் ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்து இழுங்கள், காலை எடுத்து இறங்கவிடுங்கள், மறுபடி இழுங்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போக வேண்டாம். டயரின் மேல்தோல் போகும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, வளைவுகளில் நிதானம் வேண்டும், மழைத்தூறலில் இன்னும் அதிகம். பிரேக் பேடும் டிஸ்க்கும் பழகுவதற்கும் அதே தூரம் ஆகும்.

3,000 முடிந்ததும், கையேடு கேட்காவிட்டாலும், அதே தரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்வேன். அதுவரை ஆயில் கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டாம். உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது, திரையில்தான் அளவு பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆயில் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். ரிங் செட் ஆக ஆக அந்தக் குறைச்சல் தானாகவே அடங்கிவரும். 3,000 தாண்டிய பிறகும் அடங்கவில்லை என்றால், சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையையும் லீக்-டவுன் சோதனையையும் வாரண்டியிலேயே செய்துதரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.